ஏழு பேருக்கு விடுமுறை

அந்த ஏழு பேரில் ஆறு பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது ஒருத்தியைப் பற்றி மட்டும். மற்றவர்களைத் தேடிப் போகும் துணிவு இன்னும் எனக்கு வரவில்லை.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் தென்காசியின் ஓரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. அந்த வருடம் குற்றாலச் சீசன் தொடங்கிய சமயத்தில் ஜெர்மனியிலிருந்து ஆறு கல்லூரி மாணவர்கள் மூன்று வாரம் தங்கிப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்ய வந்தார்கள். மூன்று பேர் எங்கள் பள்ளிக்கு, மூன்று பேர் பக்கத்து ஊரான வடகரையில் என் நண்பர் நடத்திய பள்ளிக்கு. லாட்ஜில் தங்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு வீடு, அந்த வீட்டுச் சாப்பாடு, அந்த வீட்டுப் பாய். என் வீட்டுக்கு இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள்.

வருவதற்கு முன்பே அவர்களை அனுப்பும் அமைப்பு எனக்குக் கடிதம் எழுதியிருந்தது. மாணவர்கள் எல்லோரும் ஆசிரியர் பயிற்சி படிப்பவர்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடு உட்காரவே வருகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை அவர்களிடம் விட்டால் போதும் என்று அதில் இருந்தது. நான் ஆங்கிலத்தில் முதுகலை முடித்தவன். கடிதம் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. புரிந்தது. நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் என் அனுபவம் என்று அப்போது நினைத்தேன். ஆய்வுக்கு வரும் அதிகாரி எவரும் வகுப்பில் நுழைந்ததும், "நல்லாப் படிக்கிற பிள்ளைய விடுங்க, படிக்காத பிள்ளைய எழுப்புங்க" என்பார். எழுந்த பிள்ளை வாசிக்காமல் நின்றால் பள்ளியின் பெயரில் குறிப்பு எழுதிவிட்டுப் போவார். ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வுக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் குறித்துக்கொள்வோம். பிள்ளைகளும் குதித்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள்தானே என்று யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

இந்தத் தடவை அதையே மூன்று வாரத்துக்குச் செய்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரு வகை ஆய்வாளர்கள் என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது. மூன்றாவது வாரக் கடைசியில் நிறைவு விழா. கல்வி அதிகாரி வருவார், நிர்வாகத்தார் வருவார்கள், பத்திரிகையில் படம் வரும். பணியின் கடைசி வருடத்தில் ஒரு நல்ல பெயரோடு இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எட்டாம் வகுப்பு ஆசிரியை பட்டியலோடு என் அறைக்கு வந்தார். வாசிக்கத் திணறும் ஏழு பேரின் பெயர்கள் அதில் இருந்தன.

"மூணு வாரம்னா என்ன சார் சொல்லி வீட்ல இருக்கச் சொல்ல?"

"விருந்தாளிக வாராங்க, எடம் பத்தாதுன்னு சொல்லுங்க டீச்சர்."

அவர் போகாமல் நின்றார். "இதுல ஒருத்தி, அந்த பீடி சுத்துத அம்மா மவ. அவள மட்டுமாவது விட்டுரலாம் சார். மூணு வாரம் வீட்ல இருந்தான்னா பீடி சுத்துத சுளகு முன்னால உக்கார வச்சிருவாங்க. பெறவு வர மாட்டா."

"மூணு வாரந்தான டீச்சர்" என்றேன்.

நான் எச்சரிக்கப்பட்டேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தெரியாமல் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

என் வீட்டுக்கு வந்த பெண் முதல் நாளே கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். என் மனைவிக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுவே போதும். "நம்ம மருமவ ஸ்பூன் கேக்கா. இவ ரசத்தையும் பிசைஞ்சு அடிக்கா பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே பேசினாள், அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். இருவருக்கும் அதனால் எந்த இடைஞ்சலும் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் என்னிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டாள். மாலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பாள். அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தெரு. அந்தத் தெருவிலிருந்து ஒரு நாள் ஒரு சிறுமி முருங்கைக்கீரை கேட்டு என் மனைவியிடம் வந்தாள். பதிமூன்று வயது. பட்டியலில் இருந்த பீடிக்கார அம்மாவின் மகள்தான்.

வெளிநாட்டுப் பெண் புத்தகத்தில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று சைகையால் கேட்டிருக்கிறாள். சிறுமி சொல்லியிருக்கிறாள். அடுத்த எழுத்து, அதையும் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். வீட்டுக்குப் போய் மூன்றாம் வகுப்பு படிக்கும் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் வந்து சொன்னாள்.

இப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் தம்பியிடம் நாலைந்து எழுத்துகளைக் கேட்டு, சரியாக எழுதிப் பழகி, மாலையில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிடுவாள். சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது அல்லவா. ஏழு வருடம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படியாதது துவைக்கிற கல்லில் பத்து நாளில் படிந்தது.

இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி.

"இன்னைக்கு அந்தப் பிள்ள மரம், படம்னு எழுத்துக்கூட்டாம வாசிக்கா. ரெண்டு பேரும் கையத் தட்டிக்கிட்டாளுவ. நாந்தான் கேட்டேன், ஏட்டி, எட்டாப்புல்லா படிக்க, இது ஒனக்கு முந்தியே தெரியாதான்னு. தெரியும்மா, மறந்துட்டுங்கா."

நான் சிரிக்கவில்லை. எந்தப் பிள்ளை என்று விசாரித்தேன். பட்டியலில் இருந்தவள் என்று தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது வெளிநாட்டுப் பெண் என்னைக் கேட்டாள். இந்தச் சிறுமி உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு என்கிறாள், நான் தினமும் எட்டாம் வகுப்பில்தான் இருக்கிறேன், அவளை ஒரு நாளும் பார்த்ததில்லையே என்றாள். உடம்பு சரியில்லாத பெண் என்றேன். நன்றாகத்தானே இருக்கிறாள், தினமும் ஓடி வருகிறாளே என்றாள். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பிறகு, திங்கட்கிழமை நானே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒருத்தி வந்தால் மற்ற ஆறு பேரும் வெளியே வருவார்கள். பதிவேட்டைப் பற்றிக் கேள்வி வரும். விழா மேடையில் கல்வி அதிகாரியின் முன்னால் இந்தப் பெண் கள்ளமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சோறு இலையில் அப்படியே இருந்தது. நான் வடகரை நண்பருக்குப் போன் செய்யப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வடகரைக்கு மாற்றினேன். அங்கிருந்து ஒருவனை இங்கே கொண்டுவந்தேன். அவளிடம் சொன்னது: அங்கே ஆள் போதவில்லை. சிறுமியிடம் விடைபெற்றுக்கொண்டு போகிறேன் என்றாள். அதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் வீட்டில் இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை, வேலை கெடுகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நீ போனால் அவளுக்குத்தான் அடி விழும் என்றேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. தன்னால் ஒரு குழந்தைக்குத் துன்பம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டாள்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் என் முகம் அவளுக்குத் தெரியும். கார் போனபின், "நீங்க செஞ்சது நல்லால்ல" என்றாள். அன்று முதல் மாலையில் பின்பக்கக் கதவைத் திறந்து வைப்பதை நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை சிறுமி வந்து அந்தக் கதவைத் தட்டினாள். நான்தான் திறந்தேன்.

"சார், அக்கா இல்லையா?"

"ஊருக்குப் போயிட்டா."

"ஜெர்மனிக்கா சார்?"

"ஆமா. அவசரமாப் போக வேண்டியதாயிட்டு."

அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே சார்."

"எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டா போக முடியும்? நீ போ பிள்ள. பள்ளிக்கூடம் தொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பள்ளிக்கூடம் அன்று திறந்துதான் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் மூடியிருந்தது.

விழா நன்றாக நடந்தது. படமும் வந்தது. மறுநாள் ஞாயிறு, ஜெர்மன் மாணவர்கள் ஆறு பேரையும் வேனில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்தருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்து வரிசையில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். அந்த வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் அந்தச் சிறுமி நிற்பதை நான் பார்த்தேன். வடகரைக்கு மாற்றப்பட்ட பெண் முப்பது அடி தள்ளி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்.

தண்ணீர் திடீரென்று கூடுகிறது, போலீஸ் எல்லோரையும் மேலே ஏறச் சொல்கிறது, உடனே வேனுக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அங்கே அப்படி நடப்பதுண்டு. மேலே மலையில் மழை பெய்தால் நிமிடத்தில் நிறம் மாறித் தண்ணீர் பாயும். அருவியைப் பற்றி நான் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர்கள் நம்பினார்கள். எண்ணெய்த் தலையோடு, குளிக்காமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று தண்ணீர் ஒரு விரல்கூடக் கூடவில்லை.

விருந்தாளிகள் ஊருக்குப் போனார்கள். ஏழு பேரில் ஆறு பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவள் வரவில்லை. ஆசிரியை ஒரு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தவள், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். வருடம் முழுவதும் பதிவேட்டில் அவள் வந்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்ற விதிப்படி தேர்ச்சியும் பெற்றாள். அவளுடைய சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து.

அதன்பின் நான் ஓய்வு பெற்றேன். மனைவி நான்கு வருடம் முன்பு தவறினாள். இதைப் பற்றி அவள் எப்போதும் பேச்சை எடுத்ததில்லை. நானாக எடுப்பேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. நான் எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். இடுப்பில் காய்ச்சல்கார மகனை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், மருந்துப் பெட்டியை என் முன் நீட்டினாள்.

"ஐயா, இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு பாத்துச் சொல்லுங்க. கடையில சொன்னாவ, கூட்டத்துல சரியாக் கேக்கல."

பெட்டி மேலே கடைக்காரர் தமிழிலேயே எழுதியிருந்தார். சாப்பிட்ட பின், காலை, இரவு. கொட்டை எழுத்து. நான் வாசித்துச் சொன்னேன். சொல்லும்போதே அவளைக் கண்டுகொண்டேன். அவளும் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பெரிய சாரா? எளச்சுப் போயிட்டீயளே சார்."

கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், அங்கேயும் பீடிதான், மகனுக்கு ஆறு வயது என்றாள். பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டாள்.

ஒரு வாரம் என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. எட்டாவது நாள் கீழப்பாவூருக்குப் பஸ் ஏறினேன். கோயிலைத் தாண்டி இரண்டு தெரு விசாரித்ததும் வீடு கிடைத்தது. உள்ளே சுவரோரம் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் பதறி, "சார், நாக்காலி கொண்டாரேன், தரையில தூளு கெடக்கு" என்றாள். கிடக்கட்டும் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் தொடங்கி, கடிதத்தைச் சொல்லி, பதிவேட்டைச் சொல்லி, அக்கா ஊருக்குப் போகவில்லை, வடகரையில்தான் இருந்தாள், மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவள் விரல்கள் நிற்கவில்லை. இலையை உருட்டி, நூலைச் சுற்றி, சுளகில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அக்கா போகலன்னு எனக்குத் தெரியும் சார். அருவியில பாத்தேனே."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"நீங்க வேன்ல ஏத்துனதையும் பாத்தேன். அக்கான்னு கத்துனேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அக்காவுக்கு என்னப் பிடிக்காமப் போயிட்டு, அதான் சாரை விட்டு ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லச் சொல்லிட்டாவன்னு நெனச்சேன். நாம ஒண்ணுந் தெரியாதவன்னு கண்டுபிடிச்சிட்டாவ போலன்னு."

"கண்டுபிடிச்சிட்டாவன்னா?"

"தம்பிட்ட கேட்டுட்டு வந்துதான் சொல்லிக்குடுக்கேன்னு." அவள் அப்போதுதான் கையை நிறுத்தினாள். "அதுக்கப்பொறம் புத்தகத்த எடுத்தாலே அந்த வேன்தான் சார் ஞாபகம் வரும். எடுக்கவே பிடிக்கல."

நான் செய்த தவறு ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியது என்று பன்னிரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. தன்னை ஒருத்தி வெறுத்து ஓடினாள் என்று ஒரு குழந்தையை நம்ப வைத்திருக்கிறேன். அந்த இன்னொருத்தியையும் அதேபோல் ஒன்றை நம்ப வைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். சிறுமியின் வீட்டில் பிடிக்கவில்லை, நீ போனால் அவளுக்கு அடி விழும் என்று அந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் சொன்னதை.

அவள் முகம் மாறியது அப்போதுதான். "எங்கம்மா அடிப்பாளா? எங்கம்மா அந்தக்காவுக்கு அவிச்ச பனங்கெழங்கு குடுத்து விட்டாளே சார். எங்கம்மையவா அப்பிடிச் சொன்னீய?"

மன்னித்துவிடு என்று நான் சொன்னேன். அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக்காட்ட சொல்லிருங்க. எங்கம்மா ஒண்ணுஞ் சொல்லல, நான் வந்து கதவத் தட்டுனேன்னு சொல்லிருங்க" என்றாள். "சொல்லுவீயளா? இல்ல, எங்கிட்ட சொன்ன மாதிரிதானா?"

சொல்கிறேன் என்றேன்.

அந்த ஜெர்மன் பெண்ணின் பழைய மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருந்தது. அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினாறு நாள் ஆயிற்று. நான் கற்ற ஆங்கிலம் முழுவதும், நடந்ததை வேறு மாதிரி சொல்வதற்கே உதவ வந்தது. சூழ்நிலை, நிர்ப்பந்தம், அக்காலத்து நடைமுறை என்று சொற்கள் வந்து விழுந்தன. ஒவ்வொரு முறையும் அழித்தேன். கடைசியில் நின்றது பதினோரு வரி.

பதில் இரண்டு நாளில் வந்தது. அதில் என்னை விளித்து ஒரு சொல்லும் இல்லை. அவளோடு பேச முடியுமா, எந்த நேரம் அவளுக்கு வசதி என்று மட்டும் கேட்டிருந்தாள்.

கீழப்பாவூருக்கு மறுபடி போனேன். அவள் போன் சாதாரணப் போன், முகம் பார்த்துப் பேச வராது. என் போனில் அழைத்து அவளிடம் கொடுத்தேன். கையிலிருந்த புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். திரையில் முகம் வந்தது. அவள் போனோடு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் தெருவில் நின்றேன். எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி அப்போதும் இருந்ததில்லை. முதலில் அழுகை போல ஒன்று கேட்டது. பிறகு அவள் குரல், வேகமாக, நிற்காமல். ஆங்கிலம் தெரிந்தவன் வாசலில் நிற்கிறான், மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து போனைக் கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது.

"சார்ஜ் தீந்துட்டு சார். நாளைக்கு எங்க வீட்டுக்காரர் போன்ல பேசுதேன்னுட்டேன். நம்பர் வாங்கிட்டேன்."

"என்னம்மா சொன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

"அது எங்களுக்குள்ள சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.